செல்லையா அண்ணன் வைத்த சந்தனம்

குனோங் ராபாட் சாலை நெரிசலில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. செல்லையா அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். வேலைக்கு ஒரு நாளும் நேரத்தோடு வராத மனிதர் இதற்கு மட்டும் ஏன் முந்திக்கொண்டார் என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்த பிறகே காரை நகர்த்தினேன்.

ஆயர் தாவார் தோட்டத்தில் பிறந்து, நம் ஈப்போ தொழிற்சாலையில் விமான எஞ்சின் வளையங்களைக் கடைந்தவர் அவர். மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த வளையங்களின் நிக்கல் கலவை எந்தச் சூட்டுக்கும் இளகாது. கடையும்போது எழும் சூடெல்லாம் இன்செர்ட் என்கிற சின்ன வெட்டுமுனையில்தான் இறங்கும். சாதாரண இரும்பில் நாள் முழுக்க உழைக்கும் முனை, இதில் தேநீர் வேளைக்குள் தேய்ந்துவிடும். “இது என் மச்சான் மாதிரிலா. ஒரசுனா இன்னும் வெறைச்சுக்கும்,” என்பார் அண்ணன்.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு நாங்கள் இயந்திரத்தின் கதவில் பொட்டு வைத்தோம். கதவா உலோகத்தை வெட்டுகிறது என்று கேட்டார் அண்ணன். இன்செர்ட்டைக் கழற்றினார். அது உட்காரும் குழியிலேயே சந்தனத்தை அப்பி, மேலே இன்செர்ட்டை மாட்டிவிட்டார்.

பூஜை முடிந்ததும் புதிய வாடிக்கையாளருக்கான சோதனை வளையத்தை ஏற்றினோம். அது தேறினால் பிரிவு பிழைக்கும், அண்ணன் ஃபோர்மேன் ஆவார். தேறாவிட்டால் பிரிவை மூடிவிடுவதாகப் பேச்சு. வளையத்தைத் தொட்டதுமே இயந்திரம் அதிர்ந்தது, முனை உடைந்தது. மாற்றினார், அதுவும் உடைந்தது. இன்செர்ட் விற்கும் பினாங்குக்காரரை வரவழைத்து, அவர் பரம்பரையையே அண்ணன் விசாரித்தார். அவரோ வெட்டும்போது முனைமேல் பாய்ச்சும் குளிர்நீரைக் குறை சொன்னார். இனி இவருடைய சரக்கே வேண்டாம் என்றார் மேனேஜர். பாவம், மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

அண்ணன் கடைசியாக ஒருமுறை இன்செர்ட்டைக் கழற்றி, குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். சந்தனம் ஒரு பக்கமாகக் காய்ந்து கெட்டியாகியிருந்தது. இன்செர்ட் அதன்மேல் கோணலாக உட்கார்ந்து ஆடியிருக்கிறது. அவர் கையில் துணி இருந்தது. ஒரு துடைப்பில் விஷயம் முடிந்திருக்கும், நானும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

அவர் துடைக்கவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டு, தப்பு தன்னுடையது என்று எல்லோரும் கேட்க மலாயில் சொன்னார். சந்தனம் என்றால் என்ன என்று மேனேஜர் கேட்க, அண்ணன் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தப் பினாங்கு ஆளுக்கும் புள்ளகுட்டி இருக்கும்லா,” என்றார்.

குழியைச் சுத்தம் செய்ததும் வளையம் தேறியது. பிரிவு பிழைத்தது. ஃபோர்மேன் வேலை மட்டும் எனக்கு வந்தது. முதலில் வந்து கைகொடுத்தவர் அண்ணன்தான். அதன்பின் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் ‘போஸ், போஸ்’ என்று முதலாளியைப் போலக் கூப்பிட்டு என் மானத்தை வாங்கினார்.

துக்க வீட்டில் அவர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஃபோர்மேன் வேலைய அவருதான் ஒங்களுக்கு விட்டுக் குடுத்தாராமே தம்பி. நீங்க அழுது கேட்டீங்கன்னு சொன்னாரு.”

“ஆமாக்கா,” என்றேன்.

நண்பர்களே, தொழிற்சாலையே கேட்க உண்மையைச் சொன்னவர், வீட்டில் இப்படியொரு பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறார். அவரிடமிருந்து எனக்கென்று வந்தது அந்தப் பொய்தான். அதை நான் பத்திரமாக வைத்திருப்பேன். நீங்களும் அக்காவிடம் சந்தனக் கதையை எடுக்காதீர்கள். கேட்டால், நான் தேம்பித் தேம்பி அழுதேன் என்றே சொல்லுங்கள்.