இரண்டு வருஷப் பிறப்புக்கு நடுவில்

எங்கள் வீட்டில் வருஷம் இரண்டு தரம் பிறக்கும். வீட்டுக்காரர் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள், அவர்களுக்கு யுகாதி. நான் கல்லாவியிலிருந்து பாகலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், எனக்குச் சித்திரை ஒன்று. இரண்டையும் கொண்டாடுவோம். அதனால் சந்தோஷம் இரட்டிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கெட்ட வருஷமும் இரண்டு கணக்கில் வந்தது.

அவருடைய கணக்கு கிழமையை வைத்து. யுகாதி செவ்வாயிலோ சனியிலோ பிறந்தால் அந்த வருஷம் முழுக்கப் புதிதாக எதையும் தொடக்கூடாது. அப்படி ஒரு செவ்வாய் வருஷத்தில் போர் போட்டு, தண்ணீர் வராமல் வெறும் மண்புகையாக வந்தது. நல்ல கிழமையில் பிறந்த வருஷத்திலும் போர் போட்டுப் புகை வந்திருக்கிறது. அதைப் பற்றி அவர் பேசமாட்டார்.

என் கணக்கு எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பட்டுப் பட்டு நானே சேர்த்தது. கல்யாணமான வருஷம் நன்றாக இருந்தது. அடுத்த வருஷம் முதல் குழந்தை பிறந்து, தங்கவில்லை. அதற்கடுத்த வருஷம் மகன் பிறந்தான். அதற்கும் அடுத்ததில் என் அப்பா போனார். ஒரு சித்திரை நல்லது, மறு சித்திரை கெட்டது என்று மனசு பிடித்துக்கொண்டது. வெளியில் சொல்லக் கூச்சம். அவரிடம் மட்டும் ஒரு நாள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஆமா, அப்டித்தான் இருக்கும் போல" என்று என் கணக்கையும் தன் கணக்கோடு சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு அவர் சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ பாரம் குறைந்திருக்கும்.

வீட்டில் உட்கார்ந்தபடி ரப்பர் பிசிறு வெட்டுவது என் வேலை. கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக ரப்பர் வளையம் வரும். அச்சில் வார்க்கும்போது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுக்கவேண்டும். வலது கண் மங்கின பிறகு பிசிறு எது, வளையம் எது என்று தெரியவில்லை. இடது கண்ணும் பின்னாலேயே மங்கிக்கொண்டு வந்தது. விரலால் தடவிப் பார்த்து வெட்டினேன். விரலையும் வெட்டிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு பாய் சம்சாரமும் இதே வேலைதான். என் மூட்டையில் கெட்டுப்போனதை அவள்தான் பொறுக்கி எடுப்பாள்.

"இன்னாக்கா இது, வளையத்துக்கே ஜடை பின்னி வச்சிருக்க? கம்பெனிக்காரன் பாத்தான்னா பூவு வச்சி அனுப்புங்கன்னு கேப்பான்."

"தெரியலம்மா. மங்கலா இருக்குது."

"ஆப்ரேசன் பண்ணிக்கோன்னு தொண்ட தண்ணி வத்துது எனக்கு."

"இந்த வருசம் அவருக்கு ஆவாது. செவ்வாக்கெழம பொறந்தது."

"கண்ணு உன்னுதா, அவருதா?"

நான் அடுத்த வளையத்தை எடுத்தேன். அவளே தொடர்ந்தாள். "எங்குளுக்கு வருசம் ஒரு எடத்துல நிக்கறதே இல்லக்கா. நோம்பு ஒரு காலத்துல வெயில்ல வருது, ஒரு காலத்துல மழையில வருது. எந்த வருசத்தப் புடிச்சி இது கெட்டதுன்னு கட்டிப்போடறது?"

அதற்கு முந்தின வருஷமே ஓசூரில் கண் டாக்டர் பார்த்துவிட்டார். புரை முற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை ஒரேயடியாகப் போய்விடும், அப்புறம் கொண்டுவர முடியாது என்றார். அது என் கெட்ட வருஷம். சித்திரை வரட்டும் என்று விட்டோம். சித்திரைக்குச் சில நாள் முன்னால் பிறந்த யுகாதி செவ்வாயில் வந்து நின்றது. அந்த வருஷமும் ஓடியது. இனி வருகிற சித்திரையோ மறுபடியும் என் கெட்ட முறை.

பங்குனியில் ஒரு நாள் காலண்டரை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தோன்றியது. யுகாதிக்கும் சித்திரைக்கும் நடுவில் இரண்டு வாரம் இருக்கிறது. யுகாதி இந்தத் தடவை நல்ல கிழமையில் வருகிறது, அதோடு அவருடைய கெட்ட வருஷம் முடிந்துவிடும். என்னுடையது இன்னும் பிறந்திருக்காது. அந்த இரண்டு வாரம் யாருக்கும் கெட்டதில்லை. அவரிடம் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஏமே, நீ அஞ்சாங்கிளாஸோட நின்னது தப்புமே" என்றார்.

ஆஸ்பத்திரியில் நாள் கேட்கவேண்டும். எனக்கு நாலு பேருக்கு முன்னால் பேச்சு வராது. நர்ஸ் பெண் சித்திரை கழித்து வரச் சொன்னாள், கூட்டம் குறைவாக இருக்குமாம்.

"அதுக்கு முன்னாடி..." என்றேன்.

"ஏம்மா, வீட்ல கல்யாணமா?"

காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டுத் தலையை ஆட்டிவைத்தேன். யுகாதி முடிந்து நாலாம் நாள் வரச் சொன்னாள்.

யுகாதி வந்தது. வேப்பம்பூவும் வெல்லமும் தின்றோம். பிறகு ஒப்பட்டு. மாவுக்குள் பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டிச் சுட்டு, மேலே நெய் ஊற்றிச் சாப்பிடுவது. யுகாதிப் பண்டிகையில் யார் இனிப்புக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது, சொன்னால் வருஷமே கசந்துவிடும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். எனக்குச் சர்க்கரை உண்டு. மற்ற வருஷங்களில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். இந்தத் தடவை பயந்துவிட்டேன். கிடைத்திருப்பதே இரண்டு வாரம், அதைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது என்று கொழுந்தனார் வீடு, நாத்தனார் வீடு என எங்கே கொடுத்தாலும் மறுக்காமல் சாப்பிட்டேன். மீந்ததை மறுநாளும் சூடு பண்ணிக் கொடுத்தார்கள். அதையும் சாப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ் பெண் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா சாப்ட்ட?"

"ஒப்பட்டு."

"எத்தினி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்தான் முன்னால் வந்து, "அதிகம் இல்ல மேடம், நாலஞ்சிதான்" என்றார்.

"மொத்தமாவா?"

"ஒரு வேளைக்கு."

இவ்வளவு சர்க்கரையோடு கண்ணைத் தொடமுடியாது என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பி வந்தோம். பக்கத்தில் ஷிப்ட் முடிந்த பெண்கள் தூங்கி வழிந்தார்கள். எனக்கும் அப்படித் தூங்கவேண்டும் போலிருந்தது.

சர்க்கரை இறங்குவதற்குள் சித்திரை பிறந்துவிட்டது. மாங்காய்ப் பச்சடி வைத்தேன், வெல்லம் போடாமல்.

சாயங்காலம் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏமே, உன் வருசம் பொறந்துட்ச்சே. பயமா இருந்தா உட்டுடு. அடுத்த சித்திரைக்குப் பாத்துக்கலாம்."

என் கையில் ஒரு வளையம் இருந்தது. அதன் ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், கிடைக்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்தேன்.

"என்னால இன்னொரு வருசம் காத்துக்கினு இருக்க முடியாதுங்க. எண்ணி எண்ணி அலுத்துப் போச்சி. நாளைக்கே போலாம்."

இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் "போகலாமா" என்று கேட்டிருக்கிறேன். "போகலாம்" என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். காலையில் அவர் எனக்கு முன்னாலேயே குளித்துச் சட்டை போட்டு நின்றிருந்தார்.

சர்க்கரை சரியாக இருந்தது, கூட்டமும் இல்லை, அன்றைக்கே செய்துவிடலாம் என்றார்கள். பச்சை அங்கி மாட்டி, கண்ணில் சொட்டு விட்டு, நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி உட்காரவைத்தார்கள். கூப்பிட்டபோது எழுந்தேன். அவர் கதவு வரைக்கும் கூடவே வந்தார்.

"உன் வருசம் கெட்டதா இருந்தா இருந்துட்டுப் போவுது. என் வருசம் ஞாயித்துக்கெழம பொறந்தது, நல்லாத்தான் இருக்குது. என் வருசத்துல போயிட்டு வா."

நர்ஸ் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்திலேயே உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

வலது கண் நன்றாகத் தெரிகிறது. பிசிறு தெரிகிறது. பாய் சம்சாரம் என் மூட்டையை இப்போது பார்ப்பதில்லை. இடது கண்ணிலும் புரை இருக்கிறதாம், அதையும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எப்போது வருகிறீர்கள் என்று நர்ஸ் பெண் காலண்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் குனிந்து கிழமை பார்க்கத் தொடங்கினார். நான் பார்க்கவில்லை.

"நீயே ஒரு நாள் சொல்லும்மா, வந்துடறோம்" என்றேன்.