‘சமம்’ என்ற சொல்லுக்கு மூன்று வருஷம்

அகராதி அலுவலகத்தில் அவரைச் சீட்டக்கா என்போம். பழைய நூல்களைப் படித்து, ஒரு சொல் எங்கெங்கே என்ன பொருளில் வருகிறது என்று சின்னச் சின்னச் சீட்டுகளில் எழுதி வைப்பது அவர் வேலை. நான் அச்சுப்படி திருத்துகிறவன். எங்கள் மேசைகளுக்கு நடுவே ஒரு இரும்பு அலமாரிதான்.

அக்காவும் அவர் கணவரும் அங்கே ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து, சொல்லுக்குச் சொல் சண்டை போட்டு, சண்டை முற்றிக் கல்யாணத்தில் முடிந்தது. கல்யாணமான மறுவாரமே கணவர் ‘நீ’க்கு மாறிவிட்டார். அக்கா ‘நீங்க’விலேயே நின்றுவிட்டார்.

‘சமம்’ அக்காவின் பங்குக்கு வந்தது. வடமொழிச் சொல், ஒப்பு என்று பொருள் என ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் பழம்பாட்டுகளில் சமம் என்றால் போர். இரண்டும் வேறு வேறு சொல்லா, ஒரே சொல்லின் இரண்டு முகமா? மூன்று வருஷம் அதோடு மல்லுக்கட்டினார். மகள் காய்ச்சலில் மடியில் கிடந்தபோதும் சீட்டு எழுதினார்.

“சமமானவங்கதான்டா எதிரெதிரே நிக்க முடியும். எளியவனை அடிச்சா அதுக்குப் பேரு போர் இல்ல, அடி” என்பார் என்னிடம். “நிரூபிக்க முடியல. ஆனா எனக்கு அப்படித்தான் தோணுது.”

பதிப்பாசிரியர் பதவி காலியானபோது அது கணவருக்குப் போனது. “அந்த அம்மாவுக்கு வீடு, குழந்தை இருக்கே” என்றது நிர்வாகம். அவருக்கும் அதே வீடு, அதே குழந்தைதான். “அகராதி முகப்புல நம்ம ரெண்டு பேர் பேரும் வரும்” என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்தார். அக்கா நம்பினார்.

முகப்பின் அச்சுப்படி என்னிடம் வந்தது. ஒரே ஒரு பெயர், கணவருடையது. ‘சமம்’ பற்றிய அக்காவின் குறிப்பு முழுசாகக் கணவரின் முன்னுரையில் இருந்தது. கடைசியில், ‘என் துணைவியாருக்கு நன்றி.’ ஒரு கால்புள்ளிக்கு உயிரை விடுகிற நான், எழுத்துப்பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

புத்தகக் கட்டைப் பிரித்த அன்று அக்கா முகப்பைப் பார்த்தார். நேரே கணவரின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

“என் பேரு எங்கே?”

“உன் பேரு என்ன, என் பேரு என்ன? ரெண்டும் ஒண்ணுதானே.”

“ஒண்ணா இருக்கறது வேற, சமமா இருக்கறது வேற. நான் எழுதினதைத்தானே நீங்க அச்சுல போட்டிருக்கீங்க?”

அவர் சிரித்தார். “இதுக்குப் போயா போர் தொடுப்பே?”

“போர் தொடுக்கவாவது உங்களுக்கு நான் சமமா இருக்கணுமே.” அதைச் சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் குரல் உடைந்துவிட்டது.

மறுநாள் அக்கா வேலைக்கு வரவில்லை. பிறகு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தார். வீட்டை விட்டுப் போகவில்லை; மகளை வளர்த்தார், ஆக்கிப் போட்டார். ஆனால் சொல் பற்றிய பேச்சு அதோடு நின்றது. “சாப்பிடும்போது ஒரு சொல்லை எடுத்தா முன்னெல்லாம் பாய்ஞ்சு வருவா” என்றார் பதிப்பாசிரியர் ஒருநாள், என் மேசையருகே நின்று. “இப்ப, ‘அகராதியைப் பாருங்க’ங்கறா.” முகம் சிறுத்திருந்தது. இரண்டாம் பதிப்பில் இரண்டு பெயரையும் போட்டார். அக்கா அதைத் திறக்கவே இல்லையாம்.

பல வருஷம் கழித்து எனக்கும் கண் மங்கியது. அந்தக் கடைக்கே போனேன். அக்கா என் முகத்துக்குச் சட்டம் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

“அக்கா, அந்த முகப்பு என் கை வழியாத்தான் போச்சு. பார்த்தேன். சொல்லல.”

“தெரியும். அன்னைக்கே அச்சுப்படியைத் தேடி எடுத்துப் பார்த்தேன், உன் கையெழுத்து இருந்துச்சு.” சட்டத்தை மெல்லக் கழற்றினார். “அவரை நினைச்சு அப்புறம்தான்டா அழுதேன். முதல்ல அழுதது உன்னை நினைச்சு.”

கண்ணாடி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வேறொரு பெண்தான் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள்.