காலில் இரும்போடு குசினிக்குள்

இரும்புக் கவசம் அணிந்து நிஜமாகவே அடித்துக்கொள்ளும் பழங்காலப் போர் விளையாட்டில் நான் சேர்ந்தது மெல்பர்ன் வந்த பிறகுதான். அன்று நோபல் பார்க் வீட்டின் பின்புறம், தொடை முதல் பாதம் வரை தோல் வார்களால் இறுக்கிக் கட்டும் புதுக் கால் கவசத்தை மாட்டி நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அன்ரி அலறினார். "பிள்ளை, ஓடி வாங்கோ! அங்கிள் குசினியில விழுந்திட்டார்!"

ஓடினேன். சமையலறை வாசலிலேயே அன்ரி மறித்தார். "முதல்ல காலில கிடக்கிறதைக் கழட்டுங்கோ!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதர் விழுந்து கிடக்கிறார், இப்போதுமா செருப்புச் சட்டம்? "அன்ரி, இது செருப்பு இல்ல! எல்லா வாரையும் கழட்ட கால் மணி நேரம் ஆகும்!" என்று கத்திவிட்டு, அவரைத் தாண்டிக் குசினிக்குள் கால் வைத்தேன்.

அடுத்த நொடி அங்கிளுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தேன்.

இடுப்பைப் பிடித்தபடி அங்கிள் என்னைப் பார்த்தார். "நிலமெல்லாம் எண்ணெய். வழுக்கும் எண்டுதான் பிள்ளை அவ சொல்ல வந்தவ."

கவசத்தோடு எழ முடியவில்லை. அன்ரி பழைய சீலையை விரித்து உட்கார்ந்து, என் வார்களைக் கழற்றினார். பிறகு இருவருமாக அங்கிளைத் தூக்கிக் கதிரையில் உட்காரவைத்தோம்.

கால் மணி நேரமெல்லாம் ஆகவே இல்லை.