மைக்கில் மகள் சொன்னது

என் கணவர் ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில் மிஷனெரி. கல்யாணமான கையோடு நானும் அங்கே போய்விட்டேன். மகள் அங்கேதான் பிறந்தாள். வீட்டில் தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் அந்த ஊர் பாஷை வாயில் வந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டிசம்பரில் சங்கரன்கோவிலுக்கு வந்து என் அண்ணன் வீட்டில் தங்குவோம். விடுமுறை என்று பெயர்தான். மிஷனெரி வந்திருக்கிறார் என்று தெரிந்ததுமே சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் கூப்பிட ஆரம்பித்துவிடும். காலையில் திருவேங்கடம், மாலையில் இளையரசனேந்தல், மறுநாள் கோவில்பட்டிப் பக்கம். பஸ்ஸிலும், யாராவது அனுப்பும் வேனிலும் அலைவோம். போகும் இடமெல்லாம் சால்வை போடுவார்கள். என் கணவர் திரையில் படங்களைக் காட்டி ஊழியத்தைப் பற்றிப் பேசுவார். மகள் அந்த ஊர்ப் பெண்களைப் போலப் பூப்போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர்கள் பாஷையில் ஒரு பாட்டுப் பாடுவாள். கைதட்டுவார்கள். “அங்கன என்னட்டி சாப்பிடுவிய? சிங்கத்தப் பாத்திருக்கியா?” என்று சுற்றி நின்று கேட்பார்கள். சின்னதில் அவளுக்கு அது பிடித்திருந்தது.

போன தடவை வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் அங்கே ஆறு கரையை உடைத்து ஊருக்குள் வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு காலரா பரவியது. எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமிக்கும் கண்டது. என் மகளோடு ஒன்றாக வளர்ந்தவள். கிறிஸ்மஸுக்கு நான் முறுக்குச் சுட்டால் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உடைந்ததையெல்லாம் தின்று தீர்ப்பாள். வெள்ளம் ரோட்டை அறுத்துக்கொண்டு போனதால் வண்டி வரவில்லை. என் கணவர் அவளை முதுகில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். வழியிலேயே இறந்துபோனாள். தொற்று என்று என் மகளைக் கடைசியாக முகம் பார்க்கக்கூட நாங்கள் விடவில்லை.

அந்த டிசம்பரில் என் கணவர் எல்லாச் சபையிலும் இதைச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் அழுதார். அது நடிப்பு இல்லை, உண்மையான கண்ணீர். கேட்டவர்களும் அழுதார்கள். ஆனால் சொல்லச் சொல்ல அது கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது. “ஒரு சிறுமி” என்று ஆரம்பித்து, அவள் வழியில் ஜெபித்தாள் என்றார். பிறகு ஓர் ஊரில், பாடிக்கொண்டே கண்ணை மூடினாள் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் என் காதோரம் கேட்டாள்: “அவ பாடினாளாம்மா?”

“தெரியலையே.”

“தண்ணி தண்ணின்னுதான் கேட்டான்னு அன்னைக்கு அப்பா உங்ககிட்ட சொன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு.”

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன். “அவ உதடு அசைஞ்சதை நான் பாத்தேன்” என்றார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலில் எங்கள் சபையிலேயே கூட்டம். ஆராதனை முடிந்து எல்லோருக்கும் சாப்பாடு. என் கணவர் பேசி முடித்ததும் மகளைப் பாடக் கூப்பிட்டார்கள். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

“அவ என் ஃபிரெண்டு. சாகும்போது பாடலை. தண்ணி கேட்டா. இனிமே அவளைப் பத்திச் சொல்லாதீங்கப்பா.”

அவ்வளவுதான் சொன்னாள். மைக்கை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குருவானவர் அவசரமாக ஒரு பாட்டை அறிவித்தார். என் கணவர் முன்வரிசையில் தலையைக் குனிந்தபடி இருந்தார். அவர் கழுத்து மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

பந்தியில் ஓர் அம்மா என்னிடம், “ஊழியக்காரர் பிள்ளைய இப்படியா வளக்கது?” என்றாள். அண்ணன்தான் குறுக்கே வந்து, “சின்னப்பிள்ளதான, விடுங்கம்மா” என்று சொல்லி எங்களை வீட்டுக்குக் கூட்டிவந்தான்.

என் கணவர் சாப்பிடாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த தெருவில் விசைத்தறிகள் ஓடும் சத்தத்தில் அவர் பேசியதே சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நான் பொய் சொல்லுதேன்னு நீயும் நெனைக்கியா?”

“நடந்தது போதும்லா. அதுக்கு மேல எதுக்கு?”

“அவ சும்மா செத்துப்போனான்னு என்னால சொல்ல முடியல” என்றார். “என் முதுகுலதான் செத்தா. ஒண்ணுமில்லாம எப்படி முடிக்கது?”

மகளிடம் போய்ப் பேசுங்கள் என்றேன். போகவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் இருந்தார்கள். நான்தான் இரண்டு பக்கமும் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

கிறிஸ்மஸ் அன்று கோயிலுக்குப் போய்வந்து சாப்பிட்ட பிறகு, மகள் என் போனை வாங்கி அந்தச் சிறுமியின் அம்மாவைக் கூப்பிட்டாள். அவர்கள் பாஷையில் நெடுநேரம் பேசினாள், அழுதாள். கடைசியில் போனைக் கொண்டுபோய் ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் கையில் கொடுத்தாள். அவர் “ஆமாம், ஆமாம்” என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

வைத்த பிறகு சொன்னார்: “எம்புள்ளையப் பத்தி உங்க ஊர்ல சொன்னீங்களான்னு கேக்காங்க. ஆமான்னேன். பேரைச் சொன்னீங்களான்னாங்க. நான் எங்கயும் பேரைச் சொல்லலியே.”

மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “சொல்லச் சொன்னாங்களா?” என்றாள்.

“ஆமா மக்கா.”

அவளுக்கு அது பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

புதுவருடத்துக்கு மறுநாள் திருவேங்கடத்தில் கூட்டம். நீ வர வேண்டாம் என்று மகளிடம் சொன்னோம். வருவேன் என்று வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். என் கணவர் எழுந்து அந்தச் சிறுமியின் பெயரைச் சொன்னார். அவளுக்குக் காலரா கண்டது, ரோடு இல்லை, தண்ணீர் கேட்டாள், என் முதுகிலேயே இறந்துபோனாள் என்றார். வேறு எதுவும் சேர்க்கவில்லை. அன்றைக்கு அவர் அழவுமில்லை. இத்தோடு முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல் சபை காத்துக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிட்ட சபைகள் குறைவு.

அங்கே காலரா அடங்கவில்லை என்று செய்தி வந்தது. நானும் மகளும் இங்கேயே இருக்க வேண்டியது, அவர் மட்டும் போவது என்று முடிவு செய்தார். மகள் ஒத்துக்கொள்ளவே இல்லை. “அவ அம்மா அங்க தனியா இருக்காங்க. எனக்கு இங்க யாரு இருக்கா?” என்று கத்தினாள். மாமா இருக்கிறார், அத்தை இருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டது அது இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அவர் கிளம்பிய அன்று, ரயில் வந்ததும் பெட்டிகளை ஏற்றிவிட்டு இறங்கி அவள் தலையில் கைவைத்தார். அவள் தட்டிவிடவில்லை; நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

இப்போது அவள் இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். தமிழ் எழுதத் திணறுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவர் போன் பண்ணினால் பள்ளிக்கூடம், சாப்பாடு என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் தந்துவிடுவாள். இறந்த சிறுமியின் அம்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறாள். நாங்கள் எப்போது அங்கே வரலாம் என்று ஒவ்வொரு வாரமும் அவரிடம் கேட்க நினைக்கிறேன். இன்னும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.