கட்டக்கூடாத கயிறு

நாயாற்றுக் கரை மணலில் ஒரு குச்சியால் நான் வரைந்த படம் அன்றே காற்றில் அழிந்திருக்கும். அதைச் சுற்றி நின்று தலையாட்டிய முகங்கள் மட்டும் நான்கு வருடங்களாக என்னை விடவில்லை. அவர்களில் பாதிப்பேருக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். அதனால்தான் நம்பினார்கள்.

படகும் என் கணக்குத்தான். ஓய்வுபெற்ற பிறகு, பாய்ப்படகுப் போட்டிக்கென்று இரண்டு பேர் ஓட்டும் படகொன்றை நானே வரைந்து, ஒட்டுப்பலகையில் கட்டினேன். கடற்றொழில் செய்யும் என் மச்சான், மனைவியின் தம்பி, அதைத் தட்டிப் பார்த்தார். "அத்தான், இது படகோ வெள்ளரிக்காயோ? ஒரு சாணாவது அகட்டுங்கோ" என்று சிரித்தார். நான் அகட்டவில்லை. ஒடுங்கிய உடலும் உயர்ந்த பாயும் இருந்தால்தான் வேகம் வரும். சரிவை ஆளின் எடை பார்த்துக்கொள்ளும். சுக்கானும் பாய்க்கயிறும் என் கையில். மச்சானோ பாய்மரத்திலிருந்து வரும் கம்பியை இடுப்பில் கொளுவி, விளிம்பில் கால் ஊன்றி, தண்ணீருக்கு மேலே உடம்பை முழுக்க வெளியே நீட்டித் தொங்க வேண்டும்.

போட்டியன்று பக்கக் காற்றுப் பிடித்ததும் படகின் முன்புறம் எழும்பியது. தண்ணீரைக் கிழிப்பதை விட்டு, அதன்மேல் வழுக்கத் தொடங்கியது. "அத்தான், பறக்குது!" என்று மச்சான் கத்தினார். அப்படியொரு சந்தோஷத்தை நான் எந்த வகுப்பறையிலும் கண்டதில்லை. பாய்க்கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. எவ்வளவு வலித்தாலும் அந்தக் கயிற்றை எங்கள் கடலோடிகள் கையில்தான் வைத்திருப்பார்கள். திடீர்க் காற்று அடித்தால் உடனே விட வேண்டும். "கட்டிப்போடாதேங்கோ" என்று மச்சான் கரையிலேயே இரண்டு தரம் சொல்லியிருந்தார். நான் கட்டினேன்.

காற்று அடித்தது. கவிழ்ந்தோம். உதவிக்கு வந்த வள்ளங்கள் நெருங்குமுன் மச்சான் படகின் அடியில் மூழ்கி, முடிச்சை அவிழ்த்துவிட்டு மேலே வந்தார். "அத்தானுக்குக் காயம் ஒண்டும் இல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

கரையில், "என்ன மாஸ்டர் நடந்தது?" என்றார்கள். நான் குச்சியை எடுத்தேன். பாயைத் தள்ளும் விசை இது, ஆளின் எடை இது, அவர் வெளியே சாயப் பிந்தியதால் சமநிலை குலைந்தது என்று அம்புக்குறி போட்டு நிறுவினேன்.

"காலமை ரெண்டு நீத்துப்பெட்டி புட்டை இறக்கியிருப்பான். பேந்தெப்பிடிச் சாயிறது?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அதன்பிறகு எந்தப் போட்டிக்கும் அவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

போன மாதம், இந்த வருடப் போட்டிக்குப் பெயர் பதியக் கரையோர மீன்வாடியில் கூடியிருந்தவர்கள் முன் எழுந்து நின்றேன். "கயிறைக் கட்டினது நான். அவரில பிழையில்லை. அண்டைக்கு நான் கீறிக் காட்டினது பொய்" என்றேன்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மச்சான் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"நாலு வருசமாச் சிரிச்சாங்கள், அத்தான்."

"தெரியும். அதைக் கேட்டுக்கொண்டுதான் நானும் பேசாமல் இருந்தனான்."

பெயர் பதிகிறவர் கேட்டார்: "அப்ப மாஸ்டற்ற படகை இந்தமுறை ஆர் ஓட்டுறது?"

"நான் ஓட்டுறன்" என்றார் மச்சான். "அத்தான் வெளியில தொங்கட்டும்."

வாடியே அதிர்ந்து சிரித்தது. எழுபதை நெருங்கும் இந்த மெலிந்த உடம்பின் எடைக்கு அந்தப் படகு நிமிராது. யாரும் கேட்டால் நிறுவிக் காட்டவும் என்னால் முடியும்.

"ஓம், அப்பிடியே எழுதுங்கோ" என்றேன்.