அப்பாவோடு பறந்தவர்

இன்று காலை எங்கள் ஆர்.எஸ்.புரம் வீட்டின் மேல் ஒரு போர் விமானம் தாழப் பறந்தது. அந்த இரைச்சலில் கொப்பரை வாசம் வீசும் பொள்ளாச்சி வீடு நினைவுக்கு வந்தது.

அப்பா குண்டுவீச்சு விமானத்தின் பைலட். எழுபத்தொன்றாம் வருடப் போரில் பறந்து போனவரைக் காணவில்லை என்று தந்தி வந்தது. எங்காவது சிறையில் இருப்பார் என்று அம்மா நம்பியிருந்தாள்.

அடுத்த வருடம், எதிரிச் சிறையிலிருந்து விடுதலையான ஒருவர் கைத்தடி ஊன்றி வந்தார். அப்பாவின் விமானத்தில் வழி சொன்னவர். அம்மா அவருக்கு இலை போட்டாள். அவரோ சோற்றைத் தொடவில்லை.

"விமானம் தீப்புடிச்சிருச்சுங்க. நான் குதிக்கிற வரைக்கும் சார் அதை ஆடாமப் புடிச்சிருந்தாருங்க."

"அவுரு குதிக்கலீங்களா?"

"நேரமில்லீங்க. வெடிச்சதை நானே பாத்தேனுங்க."

அம்மா ரசப் பாத்திரத்தை அருகே இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்குக் கொழந்தைங்க?"

"ரெண்டு பொண்ணுங்க."

"நல்லதுங்க. சாப்புடுங்க" என்று ரசம் ஊற்றினாள். அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, என்னை அருகில் உட்காரவைத்து, புறங்கையால் நெற்றிப் பொட்டை அழித்தாள்.

"இனி அப்பா வரமாட்டாங்க, கண்ணு" என்றாள்.