தண்ணீர் வரும் தெரு

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகாபலிபுரம் பக்கம் சினிமா செட் பார்க்கப் போனோம். ஏதோ படத்துக்காகப் போட்ட ஒரு முழுத் தெருவை இடிக்காமல் டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டிருந்தார்கள். போகலாம் என்று நச்சரித்தது நான்தான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் தொழிற்சாலையில் என் கணவருக்கு ஷிப்ட் வேலை. வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு நாள்.

செங்கல்பட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பைக்கில் போனோம். வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார்.

செட்டில் எல்லாமே முன்பக்கம் மட்டும்தான். தபால் நிலையம், மளிகைக் கடை, மாடி வைத்த வீடு. பின்னால் போனால் பிளைவுட்டும் இரும்புச் சாரமும். மளிகைக் கடையில் என்னை உட்காரவைத்து, "கால் கிலோ பருப்பு குடும்மா" என்று கேட்டபடியே போட்டோ எடுத்தார்.

மதியம் வெள்ளக் காட்சி என்று மைக்கில் கூப்பிட்டார்கள். கயிற்றுக்குப் பின்னால் கூட்டத்தோடு நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம், மஞ்சள் கவுன் போட்ட சின்னப் பெண்ணோடு. சைரன் ஊதியது. தெருக்கோடியில் உயரத்திலிருந்த தொட்டி திறந்தது. செம்மண் கலந்த தண்ணீர் பிளாஸ்டிக் குடங்களையும் தெர்மோகோல் பலகைகளையும் புரட்டிக்கொண்டு எங்களை நோக்கிப் பாய்ந்து வந்து, காலடிக்குக் கொஞ்சம் முன்னால் கம்பி போட்ட பள்ளத்தில் இறங்கி மறைந்தது. எல்லோர் கையிலும் போன். எல்லோரும் கத்தினோம், சிரித்தோம்.

திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம்.

"பாப்பா எங்க?" என்று முன்னால் நின்ற பெண் அலறினாள்.

மாடி வீட்டுக்குப் பின்னால், சாரத்து ஏணியின் உச்சியில் அவர் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் கவுன் அவர் தோளில். நாலைந்து ஆண்கள் ஏறிப் போனார்கள். "புள்ள புடிக்கிறவன்டா!" என்று ஒருவன் அவர் பிடரியில் அடித்தான். அவர் கை தளரவில்லை.

நானும் ஏறினேன். "இன்னாங்க, கொழந்தைய குடுங்க. தண்ணி போயிடுச்சி."

யாரோ அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "இன்னொண்ணு வரும்," என்றார். "மொதல்ல வர்றது சின்னது."

அந்தக் குழந்தை அழவில்லை. "அங்கிள், எறக்கி வுடு," என்றது. அதற்குப் பிறகுதான் கொடுத்தார்.

கை கூப்பிக்கொண்டு நான் சொன்னேன்: "அவரு கோவளத்துக்காரருங்க. சுனாமியில..." ஓங்கிய கையை அந்தக் குழந்தையின் அப்பா இறக்கிக்கொண்டார். அம்மா மட்டும் எங்கள் முகத்தைப் பார்க்காமலே குழந்தையை அள்ளிக்கொண்டு போனாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

வெளியே சவுக்குத் தோப்பு ஓரம் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். சுனாமியில் வீடு போனது, குடும்பத்தோடு கடலை விட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் வந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குத் தெரியும். கேட்டால், "எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் ஆவல" என்று முடித்துவிடுவார்.

"கரையில வெளையாடிகினு இருந்தேன்," என்றார். "பின்னாலேர்ந்து ஒரு ஆளு தூக்கினாரு. ஓடிப்போயி ஒரு மொட்ட மாடியில வுட்டுட்டு மறுபடி கீழ எறங்கினாரு. அப்பதான் ரெண்டாவது தண்ணி வந்துச்சி."

"யாரு அவரு?"

"தெரில. மூஞ்சியே பாக்கல. தோள்ல கவுந்துகினு இருந்தேன். எறங்கிப் போவும்போது முதுகு மட்டும் தெரிஞ்சிது. பச்ச சட்ட." இளநீரைக் கீழே வைத்தார். "எங்கப்பா எல்லாரையும் கேட்டாரு. அவங்கவங்க வூட்டு எழவு அவங்கவங்களுக்கு. பச்ச சட்டய யாருக்கும் தெரியல. செத்துட்டாரா, உசுரோட கீறாரா, அதுவும் தெரியாது."

"கோவளம் போய்ப் பாக்கலாமா?"

வண்டியை எடுத்தார். ஈசிஆரில் வடக்கே போய், கோவளம் பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினார். கடல் பக்கம் போகவில்லை. பஸ்ஸிலிருந்து வயதான ஒருவர் மீன் கூடையோடு இறங்கி ஊருக்குள் நடந்தார். அவர் தெரு திரும்பும்வரை இவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குல்லா வைத்த ஒரு பாய். அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இன்னொருவர். வெயில் சாயும்வரை நானும் பக்கத்தில் நின்று, போகிறவர்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் கூட்டத்தில் என்னோடு வரும்போது திடீரென்று நடை தளர்வார். நான் ஏன் என்று கேட்பதில்லை. முன்னால் யாராவது ஒரு கிழவர் போய்க்கொண்டிருப்பார்.